வரிசைக்கு ஒரு டோக்கன்

சட்டையின் மேல் பொத்தான் மட்டும் ஓட்டைக்குள் போக மறுத்தது. மகள் அப்பாவின் தாடையை ஒரு கையால் லேசாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காலரை இழுத்துப் பார்த்தாள். குளிர்ந்த தோல் விரலில் பட்டபோதெல்லாம் கையை எடுத்துவிடத் தோன்றியது. எடுக்கவில்லை. இந்த வேலையை வேறு யாரும் செய்யக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டிருந்தாள்.

"விட்டுடுடி. டை கட்டினா மறைஞ்சுடும்," என்றாள் அம்மா.

"டை எதுக்கும்மா இப்போ?"

"ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வராங்க. டை இல்லாம அவர் என்னிக்காவது அவங்க முன்னாடி நின்னிருக்காரா?"

அப்பா இனி யார் முன்னாலும் நிற்கப் போவதில்லை என்பது அம்மாவுக்கு இன்னும் உறைக்கவில்லை. மகள் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய நீல டையை எடுத்தாள். அப்பா முடிச்சை அவிழ்ப்பதே இல்லை. தளர்த்தி, தலை வழியாகக் கழற்றி மாட்டிவிடுவார். அதே மாதிரி தலை வழியாகவே போட்டு, முடிச்சை மேலே நகர்த்தினாள். பொத்தான் மறைந்துவிட்டது. ஆபீஸுக்குக் கிளம்புகிறவர் மாதிரியேதான் இருந்தார்.

நேற்றுக் காலையும் ஆபீஸுக்குத்தான் கிளம்பினார். ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் அப்படியே முன்பக்கம் சரிந்துவிட்டார். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தவரை அம்மாவும் மகளும் புரட்டிப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவருடைய போன் மட்டும் மேசைமேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை மகள்தான் எடுத்தாள். ஆபீஸிலிருந்து யாரோ ஒரு ஆண். விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ... ரொம்ப ஸாரி மேடம்," என்றது குரல். பிறகு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு ஷிப்ட் போடுறதுக்கு பாஸ்வேர்டு சார்கிட்டதான் இருக்கு. வீட்ல யார்கிட்டயாவது சொல்லியிருக்காரா?"

அதிர்ச்சியில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். துக்கத்தில் மனிதர்கள் எதையாவது உளறத்தான் செய்வார்கள் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்து விற்கிற பெரிய கம்பெனி அது. அதில் புகார்ப் பிரிவு அப்பாவின் பொறுப்பில் இருந்தது. துணி துவைக்கும்போது நடுவில் நின்றுபோன மெஷின்களுக்காகப் போனில் கத்துகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லுகிற இடம். ஒரு பெரிய ஹால் நிறையப் பெண்கள், அங்கங்கே சில ஆண்கள், எல்லோர் காதிலும் ஹெட்செட். இவ்வளவும் அப்பா சொல்லிக் கேட்டதுதான். மகள் அந்த ஹாலைப் பார்த்ததில்லை. ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போனபோதுகூட, அவரே கீழே வந்து வாசலிலேயே வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டார்.

படிப்பை முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் வேலை தேடிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லாத உறவுக்காரர்கள் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார். "எங்க ஆபீஸ் மட்டும் வேண்டாம்மா. வேற எங்க வேணும்னாலும் போ." பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சித்தப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார். முதுகுக்குப் பின்னால் அதையே பெருமையாகவும் பேசினார்கள். பெற்ற பெண்ணுக்குக்கூடச் சிபாரிசு செய்யாத நேர்மை. மகளுக்கும் அதில் பெருமைதான். பல்லைக் கடித்துக்கொண்டு பட்ட பெருமை.

அப்பாவை ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நின்றது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு எல்லோரும் இறங்கி, யாரும் சொல்லாமலே இரண்டிரண்டு பேராக நடந்து வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிவந்த மாதிரி இருந்தது. அவர்களுக்கு முன்னால் இரண்டு ஆண்கள். அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாதவர் ஒருவர். பெரிய கறுப்புக் குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு தானே நனைந்துகொண்டு வந்தவர் இன்னொருவர். இரண்டு பேருமே அப்பாவுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள். குடைக்காரர் "மேடம்" என்று வாயைத் திறந்ததும் மகளுக்கு நேற்றைய போன் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

குடை யாருக்கு என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. ஒரு நீளமான கார் வாசலில் நின்றது. கோட்டுக்காரர் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார், குடைக்காரர் குடையை விரித்தார். உள்ளேயிருந்து இறங்கியவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொன்னார்கள். கம்பெனியில் மொத்தப் பிரிவுகளுக்கும் மேலே இருப்பவர். வழுவழுவென்று சவரம் செய்த முகம், வயது சொல்ல முடியாது. அவர் உள்ளே நுழைந்த அந்த நொடியில்தான் குடைக்காரருக்கு அழுகை வந்தது. அதுவரை வராண்டாவில் நின்று யாரோடோ போனில் கறாராகப் பேசிக்கொண்டிருந்தவர், பெட்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி "சார்... சார்..." என்று குலுங்கினார். கோட்டுக்காரர் விடுவாரா? அவர் பெட்டியின் கால்மாட்டில் மண்டிபோட்டார். பெரியவர் ஒருவர் பின் ஒருவராக இருவரையும் பார்த்துவிட்டு வாட்சைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அழட்டும், யாராவது அழுதால்தானே வீடு துக்க வீடு மாதிரி இருக்கும் என்று மகள் நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

சித்தப்பா வந்து அவள் தோளைத் தொட்டு உள்ளறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். சித்தப்பாவின் முகத்தில் துக்கத்தை மீறி ஒரு பரபரப்பு இருந்தது.

"பெரியவர் ஒரு நல்ல விஷயம் சொன்னார். உனக்கு அப்பா ஆபீஸ்லயே வேலை. திங்கட்கிழமையே வந்து சேரலாமாம்."

"இப்பவா சித்தப்பா இதெல்லாம்?"

"இப்பதான்மா. அண்ணனை எடுக்கறதுக்கு முன்னாடி அவர் ரெண்டு வார்த்தை பேசப் போறார். அப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம்னு பார்க்கறார். நாலு பேர் முன்னாடி சொல்லிட்டா பின்னாடி மாத்த மாட்டாங்க, அதையும் யோசி."

"அப்பா வேண்டாம்னு சொல்லுவாரே."

"அவர் நேர்மை அவரோட போச்சு," என்றார் சித்தப்பா. சொன்ன பிறகுதான் வார்த்தை சுட்டது போல. "நான் தப்பா சொல்லல. அண்ணன் வாய் திறந்து கேட்கல. அவங்களா குடுக்கறாங்க. இதுல என்ன நேர்மை கெட்டுப்போச்சு?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இனி சம்பளம் என்று ஒன்று வர வேண்டுமென்றால் அது யார் கையிலிருந்து வரும் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. கேட்கவும் வெட்கம், கேட்காமல் இருக்கவும் முடியாது. மகளுக்குச் "சரி" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்பா உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வதும் ஒரு ஆறுதல்தானே என்றுகூடத் தோன்றியது.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்து சொல்றேன்," என்று நகர்ந்தாள்.

சமையலறைக்குப் போகிற நடையில் பெண்கள் சிலர் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் கம்பெனி அட்டை. ஒருத்தியும் பேசவில்லை. முன்னால் நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

"மேடம், பாத்ரூம் போகலாமா?"

"இதைக் கேட்கணுமா? போங்க."

"உள்ள ஒருத்தங்க இருக்காங்க மேடம். அவங்க வந்ததும் போறேன்."

"அம்மா ரூம்ல இன்னொண்ணு இருக்கு. அது சும்மாதான் இருக்கு, வாங்க."

கண்ணாடிக்காரப் பெண் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. "பரவாயில்ல மேடம். அவங்க வந்துடட்டும்."

பாத்ரூம் கதவு திறந்தது. வெளியே வந்த பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நேராக மகள் முன்னால் வந்து நின்றாள். "மூணாவது வரிசை வந்தாச்சு மேடம்," என்றாள். சொல்லிவிட்டு வலது கையை நீட்டினாள். எதையோ திருப்பிக் கொடுப்பது போல உள்ளங்கை மேலாக விரிந்திருந்தது. அதில் ஒன்றுமில்லை. வெறும் கையை அவளே பார்த்தாள். பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். முகம் செத்துப்போய் விறுவிறுவென்று ஹால் பக்கம் போய்விட்டாள்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்பதற்குள் கோட்டுக்காரர் நடை முனையில் தலையை நீட்டினார். "என்ன இங்க கூட்டம்?" அவ்வளவுதான் சொன்னார். நின்றிருந்தவர்கள் கலைந்து போனார்கள். கண்ணாடிக்காரப் பெண்ணும் திரும்பினாள். அவள் கால்களை நெருக்கி வைத்து நடந்ததைப் பார்த்ததும் மகள் அவள் கையைப் பிடித்து இழுத்து, அம்மாவின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"போயிட்டு வாங்க. யாரும் கேட்க மாட்டாங்க."

அந்தப் பெண் போனாள். வெளியே வந்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தேங்க்ஸ் மேடம். காலையிலேர்ந்து போகல," என்றாள்.

"என்ன திருப்பிக் குடுக்க வந்தாங்க அவங்க?"

"டோக்கன் மேடம். பழக்க தோஷம்."

"என்ன டோக்கன்?"

அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்," என்றாள். இனி சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்ததும் ரொம்பச் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் ரூட் சொல்கிற மாதிரி. "வரிசைக்கு ஒரு டோக்கன் மேடம். மரத்துல, சின்னதா. அது கையில இருந்தாதான் எழுந்து போக முடியும். ஒருத்தர் வந்து குடுத்தாதான் அடுத்தவங்க. வரிசைக்கு இருபது பேர் இருக்கோம். நேரமாச்சுன்னா மைக்குல பேர் வரும்."

"யார் சொல்லுவாங்க மைக்குல?"

"சார்தான்."

"அப்பாவா?"

"சார் கத்தவே மாட்டார் மேடம்," என்றாள் அந்தப் பெண் அவசரமாக. "அதைச் சொல்லியே ஆகணும். மத்த பிரிவுல எல்லாம் கெட்ட வார்த்தை வரும். சார் ரொம்ப மெதுவாத்தான் பேசுவார். பேரைச் சொல்லி, 'என்னம்மா, இன்னும் முடியலையா, எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்களே'ன்னு கேட்பார். அவ்வளவுதான். ஹால் முழுக்கக் கேட்கும். உள்ள பாத்ரூம்லயும் ஸ்பீக்கர் இருக்கு."

மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். குளியலறையில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் அம்மா கதவை இடிப்பாள். அப்பா வந்து அம்மாவை விலக்கிவிட்டு, "மெதுவா வாம்மா, அவசரமே இல்ல," என்பார். அதே குரல்தான். இரண்டு இடத்துக்கும் வேறு வேறு குரல் வைத்துக்கொள்ளும் சிரமத்தைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்த டோக்கன் யார் கொண்டுவந்தது? பெரியவரா?"

"பெரியவர் வேலை நிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்லுவார்னு சொல்லுவாங்க. எப்படின்னு அந்தந்தப் பிரிவு பார்த்துக்கணும். டோக்கன் சாரோட யோசனைதான். அதுக்கு அவருக்கு விருதுகூடக் குடுத்தாங்களே மேடம்."

விருது ஷோகேஸில் இருந்தது. கண்ணாடியில் செய்த, தீபச் சுடர் மாதிரி ஒன்று. எதற்கு என்று கேட்டபோது, "நேர மேலாண்மை" என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா அதை வாரம் தவறாமல் துடைத்து வைப்பாள்.

"யாருமே எதிர்த்துக் கேட்கலையா?"

"எதிர்த்தெல்லாம் எங்க..." அந்தப் பெண் கதவைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஒரு அக்கா இருந்தாங்க மேடம், எங்க வரிசையில. மாசமா இருந்தாங்க. டோக்கன் வேற ஒருத்திகிட்ட மாட்டிக்கிச்சு. லைன்ல கஸ்டமர் திட்டிட்டே இருக்கான், இவங்களால எழுந்திருக்கவும் முடியல. உட்கார்ந்த இடத்துலயே ஆயிடுச்சு. நாற்காலி, கீழ தரை, எல்லாம் ஈரம். சார் மேல இருக்கற அவரோட கண்ணாடி ரூம்லேர்ந்து இறங்கி வந்தார்."

"வந்து?"

"டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்து அவங்க மேசைமேல வச்சார். 'துடைச்சுக்கோம்மா. கஸ்டமர் இன்னும் லைன்ல இருக்கார்'ன்னார்."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அவங்க அன்னிக்கு ஷிப்ட் முடிச்சுட்டுத்தான் போனாங்க," என்றாள் அந்தப் பெண். "மறுநாள் வரல. அந்த சீட்டுக்குத்தான் என்னை எடுத்தாங்க. எனக்கு இதெல்லாம் பக்கத்து சீட்ல இருக்கறவங்க சொன்னது." கதவுப் பக்கம் போனாள். "எங்கப்பா யார் யார் காலையோ பிடிச்சுத்தான் என்னை இங்க சேர்த்துவிட்டார். பெரிய கம்பெனி, கௌரவமான வேலைன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கார். உங்கப்பா தலைமையில இருந்தும் நீங்க ஏன் மேடம் சேரல?"

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார்."

அந்தப் பெண் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றாள்.

"பெத்த அப்பா இல்லையா," என்றாள். "சொல்லத்தான் செய்வார்."

அவள் போன பிறகு மகள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் குமட்டிக் குமட்டி மஞ்சளாக ஏதோ வந்தது. வாய் முழுக்கக் கசப்பு. குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைக்குமா என்று மனசு அலைந்தது. மேலேயிருந்து கட்டாயப்படுத்தியிருப்பார்கள், வேறு வழி இருந்திருக்காது, குடும்பத்துக்காகச் சகித்துக்கொண்டிருப்பார். எல்லாம் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அந்த ஒரு வாக்கியம் வந்து குறுக்கே நின்றது. எங்க ஆபீஸ் மட்டும் வேண்டாம்மா. அது என்ன இடம் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தெரிந்துதான் தன் பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய், ஊரார் பெற்ற பெண்களின் பேரை மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்பாமேல் மட்டுமில்லை. இத்தனை நாளும் அதை நேர்மை என்று நினைத்துப் பூரித்துப்போன தன் முகத்தை எதிரில் கண்ணாடியில் பார்ப்பதற்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் அப்பா என்று வாய்விட்டுக் கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே தொண்டையில் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

கதவைத் தட்டினார் சித்தப்பா. "என்னம்மா, இன்னும் முடியலையா? எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்களே."

அவள் குழாயை மூடினாள். கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஹாலில் பெட்டிக்குப் பக்கத்தில் பெரியவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கோட்டுக்காரர் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்திருந்தார் போல, கைக்குட்டை கறுத்துப்போய் அவர் கையிலேயே இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து கண்ணாடிமேல் கையை வைத்திருந்தாள். பெரியவர் எழுந்து மகளின் தலையில் கை வைக்க வந்தார். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"உங்க சித்தப்பா சொல்லியிருப்பார். திங்கட்கிழமை வந்துடும்மா. அப்பா இடத்தை உடனே தர முடியாது, கீழேயிருந்துதான் ஆரம்பிக்கணும். ஆனா நீ எங்க குடும்பம்."

"வேண்டாம் சார்."

சித்தப்பா அவள் கையைக் கிள்ளினார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா வேண்டாம்னு சொல்லியிருக்கார்," என்றாள் மகள்.

"எப்போ?"

"எப்பவுமே. ஏன்னு உங்களுக்கும் தெரியும் சார்."

பெரியவரின் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று நின்று, சட்டென்று நகர்ந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை அவள் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். டோக்கன் என்று சொன்னால் போதும், அந்த ஹாலில் பாதிப் பேருக்கு மூச்சு நின்றிருக்கும். ஆனால் அம்மா அப்பாவின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனத்தைப் பெரியவர் கீழே விழ விடாமல் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் அந்தப் பதவியில் உட்கார்ந்தவர், சும்மாவா? கூட்டத்தைப் பார்த்துத் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டீங்களா? இந்தப் பொண்ணுக்கு நான் வேலை குடுக்கறேன். இவ வேண்டாம்ங்கறா. ஏன்? எங்கப்பா விரும்ப மாட்டார்ங்கறா. தன் பதவியால தன் பொண்ணுக்கு ஒரு துரும்பு கிடைக்கக் கூடாதுன்னு வாழ்ந்த மனுஷன் இவர். உங்களை எல்லாம் தன் சொந்தப் பிள்ளைங்க மாதிரி பார்த்தார். சொந்தப் பிள்ளையைத் தள்ளி வச்சார். இதுதான் தலைமை. இதுதான் நம்ம கம்பெனி."

பேச்சை நிறுத்தி மூச்சு விட்டார்.

ஹால் முழுவதும் கைதட்டியது.

பெரியவர் பேசி முடித்தால் கைதட்ட வேண்டும். அது அவர்கள் கையில் ஊறிப்போன பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஒரே தாளத்தில், பலமாகத் தட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே மழைக்கு ஒதுங்கியிருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ ஒருத்தி பெட்டியைப் பார்த்தாள், தட்டுவதை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவளும் நிறுத்தினாள். சத்தம் அங்கங்கே அறுந்து, கடைசியில் கோட்டுக்காரர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் அப்படியே ஒட்டி வைத்துப் பெட்டியைக் கும்பிட்டார். கண்ணாடிக்காரப் பெண்ணும் தட்டியிருந்தாள். அவள் தன் உள்ளங்கைகளை மடக்கிப் புடவைக்குள் மறைத்துக்கொள்வதை மகள் பார்த்தாள்.

அம்மா மட்டும் அழுதுகொண்டே பெரியவரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

வண்டி வந்துவிட்டது என்றார்கள். பெரியவர் வாசலில் காருக்குக் காத்திருந்தபோது கோட்டுக்காரர் காதில் ஏதோ சொன்னார். கோட்டுக்காரரின் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. குடைக்காரருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பெரியவர் படியிறங்கும்போது குடை கொஞ்சம் தாமதமாகத்தான் விரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேருமே பெட்டிப் பக்கம் வரவில்லை. ஒருவருக்கு இனி அழத் தேவையில்லை, இன்னொருவருக்கு அழுதும் பிரயோசனமில்லை. அப்பாவைப் பெட்டியோடு சித்தப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் வண்டி ஓட்டுநரும்தான் தூக்கினார்கள். மகளும் ஒரு பக்கம் பிடித்தாள். கனமாகத்தான் இருந்தார்.

"அப்பா பக்கத்துல உட்காருடி," என்றாள் அம்மா வண்டிக்குள் ஏறிக்கொண்டு.

"நான் முன்னாடி வரேன்மா."

ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. தெரு தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் அம்மா அதன் வழியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

"உண்மையைச் சொல்லு. உன்னை அங்க விடாததுக்கு வேற ஏதாவது காரணம் இருந்ததா? அவர் சில நாள் தூக்கத்துல யார் யார் பேரையோ சொல்லுவார். எல்லாம் பொம்பளைங்க பேரு. நான் கேட்டதில்ல."

மகள் திரும்பிப் பார்த்தாள். சின்ன ஜன்னலில் அம்மாவின் முகமும் அதற்குப் பின்னால் டை முடிச்சும் தெரிந்தன.

"வேற ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "நேர்மைதான்."

அம்மா பெருமூச்சு விட்டாள். அவள் கை மறுபடி கண்ணாடிமேல் போனது.

சந்திப்பில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. ஆபீஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்றது. அதன் ஜன்னல்கள் இவர்கள் தலைக்கு மேலே வரிசையாகத் தெரிந்தன. யாரோ கீழே பார்த்து வண்டியை அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும். முதலில் குடைக்காரர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து முன்வரிசை எழுந்தது. பிறகு அடுத்தடுத்த வரிசைகள். மேலே கம்பி இடித்ததால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"பாருடி," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "எவ்வளவு மரியாதை பாரு அவருக்கு."

மூன்றாவது ஜன்னலில் மட்டும் ஒரு தலை மற்றவர்களின் இடுப்பு உயரத்திலேயே இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. பக்கத்தில் நின்றவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அந்தத் தலை நேராக முன்னால் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தது.

விளக்கு மாறும்வரை மகள் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.